பயோ வாஷ், சிலிக்கான் வாஷ் செய்த பனியன் துணி: பல சலவைக்குப் பிறகு மென்மையும் உழைப்பும் ஏன் குறைகின்றன?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் சிறிய அளவில் டி-சட்டைகள் தைத்து, சொந்தப் பெயரில் இணையம் வழியாக விற்று வருகிறேன். துணி 24-ஆம் நம்பர் கோம்டு (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய) நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி என்ற ஒற்றைப் பின்னல் துணி. காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்துவது) முடிந்து வரும்போது 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், இருக்கிறது. பயோ வாஷ் (நொதியால் துணி முகப்பைச் சுத்தமாக்குவது), சாயம், கடைசியாகச் சிலிக்கான் வாஷ் (மென்மைக்காகச் சிலிக்கான் ஏற்றுவது) என்ற வரிசையில் ஜாப் ஒர்க்கில் கொடுத்துச் செய்து வாங்குகிறேன்.

வாடிக்கையாளர்களிடமிருந்து ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு குறைகள் வருகின்றன. புதிதில் வழவழவென்று இருந்த சட்டை சில வாரங்கள் துவைத்து உடுத்தியதும் சொரசொரப்பாகிவிட்டது என்கிறார்கள் சிலர். அதே துணியில் தைத்த சட்டையை வாங்கிய வேறு சிலரோ, புதிதில் அது வியர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டிக்கொண்டது என்றும், துவைக்கத் துவைக்கத்தான் உடுத்துவதற்கு ஏற்றதாக ஆனது என்றும் எழுதுகிறார்கள். இவை தவிர, இடுப்புப் பகுதியிலும் அக்குளருகிலும் சிறு சிறு உருண்டைகள் எழும்புகின்றன என்ற குறையும் அவ்வப்போது வருகிறது.

சிலிக்கானின் அளவைக் கூட்டினால் மென்மை நீடிக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கோம்டு நூலை விட்டுவிட்டு, அப்படிச் சீவாத கார்டட் நூலுக்கு மாறி, பயோ வாஷை அழுத்தமாகச் செய்தால் விலையும் குறையும், தோற்றமும் அப்படியே இருக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். எந்தப் பதனீடு எத்தனை சலவை தாங்கும், எது துணியின் ஆயுளைக் குறைக்கும் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சாயத்தொட்டி

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன முதல் இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். பொதுவாகச் சிலிக்கான் வாஷில் பயன்படுவது அமினோ சிலிக்கான். பருத்தி நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பு சற்றே எதிர்மின் தன்மை கொள்கிறது. அமினோ தொகுதிகள் நேர்மின் தன்மை கொண்டவை. ஆகவே அவை இழையின் மேல் ஒட்டிக்கொள்ள, சிலிக்கானின் மீதிப் பகுதி இழையைச் சுற்றி மெல்லிய படலமாகப் பரவுகிறது. இழைக்கு இழை உராய்வு குறைவதால்தான் விரலுக்கு வழவழப்புத் தெரிகிறது. ஆனால் அந்தப் படலத்தின் வெளிப்புறம் நீரை விலக்கும் தன்மையுடையது. உள்ளே இருக்கும் பருத்திக்குத் தண்ணீர் மீது எவ்வளவு நாட்டம் இருந்தாலும், மேலே இருக்கும் படலம் வியர்வைத் துளியை உள்ளே விடுவதில்லை. புதுச் சட்டை முதுகில் ஒட்டுவது இதனால்தான்.

வீட்டில் துவைக்கும் சோப்புத்தூள் கரைசல் நல்ல காரத்தன்மை கொண்டது. காரத்தில் அமினோ தொகுதிகள் தம் மின்னூட்டத்தை இழக்கின்றன, பிடிப்பு தளர்கிறது, கசக்கலும் பிழிதலும் சேரும்போது படலம் சிறிது சிறிதாகக் கழன்றுவிடுகிறது. படலம் போகப்போக உறிஞ்சும் தன்மை திரும்புகிறது, வழவழப்புக் குறைகிறது. உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு சாரார் வரவைப் பார்த்து எழுதுகிறார்கள், மற்றொரு சாரார் இழப்பைப் பார்த்து எழுதுகிறார்கள். இரு சாராரும் சொல்வது உண்மையே. ஆகவே சிலிக்கான் அளவைக் கூட்டுவது தீர்வாகாது. வியர்வை ஒட்டும் காலம்தான் நீளும். வெள்ளைத் துணியாக இருந்தால் ஸ்டென்டர் (துணியை அகலமாகப் பிடித்து உலர்த்தும் இயந்திரம்) சூட்டில் மஞ்சள் பூக்கும் வாய்ப்பும் கூடும். அதற்குப் பதிலாக, நீரை ஏற்கும் பகுதிகளையும் சேர்த்துச் செய்த நீர்விரும்பிச் சிலிக்கான்கள் கிடைக்கின்றன, அவற்றைக் கேளுங்கள். தொட்டவுடன் கிடைக்கும் வழுக்கல் அவற்றில் சற்றுக் குறைவு. கடையில் கையால் தடவிப் பார்த்து வாங்குபவருக்கு அது குறையாகத் தெரியலாம். இணையத்தில் விற்கும் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பயோ வாஷின் கதை வேறு. அதில் எதையும் பூசுவதில்லை. செல்லுலேஸ் என்ற நொதி, நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய பருத்தி முனைகளை அரித்து எடுத்துவிடுகிறது. சிலிக்கான் தலைக்குத் தடவிய எண்ணெய் என்றால் பயோ வாஷ் முடி வெட்டுவது போன்றது. எண்ணெய் கழுவினால் போய்விடும், வெட்டிய முடி கழுவினால் வராது. எனவே அதனால் வரும் சுத்தமான முகப்பு பல சலவைக்கு நிற்கும். ஆனால் நொதிக்கு வெளி முனை எது, நூலின் உடல் எது என்று பிரித்தறியத் தெரியாது. அமில வகை நொதியை 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். அளவிலும் 50 முதல் 55 டிகிரி சூட்டிலும் ஓட்டுகிறோம். துணியின் எடையில் 3 முதல் 5 விழுக்காடு வரை குறைவதை வழக்கமாக ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு மேல் போனால் நூலே மெலிகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளியலை (தொட்டி நீரை) 80 டிகிரிக்குச் சூடேற்றியோ காரம் சேர்த்தோ நொதியைச் செயலிழக்கச் செய்யாவிட்டால், துணிக்குள் தங்கிய நொதி தன் வேலையைத் தொடரும். நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்த இந்தப் படியைச் சுருக்குவது உண்டு. அதன் விளைவு உங்கள் மேசைக்கு வரும்போது தெரியாது, வாடிக்கையாளர் துவைத்து உடுத்தும்போதுதான் தெரியும்.

கார்டட் நூல் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டே நூற்கிறார்கள். கார்டட் நூலில் அவை நூலுக்குள்ளேயே இருக்கின்றன. அழுத்தமான பயோ வாஷ் அன்றைக்கு வெளியே தெரிந்த முனைகளை மட்டும் நீக்கும். உடுத்தும்போது ஏற்படும் உராய்விலும் ஒவ்வொரு சலவையிலும் உள்ளே இருக்கும் குட்டை இழைகள் புதிதாக வெளியே வரும். அவைதான் பின்னிக்கொண்டு உருண்டைகளாகின்றன. இங்கே சிலிக்கானுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: இழைகளுக்கிடையே வழுக்கல் கூடினால், அவை நூலிலிருந்து நழுவி வெளியே வருவதும் எளிதாகிறது. எனவே மிகுந்த மென்மையும் குறைந்த பில்லிங்கும் (உருண்டை எழும்புதலும்) ஒரே துணியில் வேண்டும் என்றால், அதை நூலின் தரத்திலும் முறுக்கிலும் தேட வேண்டும், தொட்டியில் தேடிப் பயனில்லை.

கடைசியாக ஒன்று: சொரசொரப்பு முழுவதும் சிலிக்கான் போனதால் வந்தது என்று எண்ண வேண்டாம். பின்னல் துணியை ஸ்டென்டரில் அகலத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தால், முதல் சில சலவைகளில் அது தன் இயல்பு நிலைக்குத் திரும்பும். வளையங்கள் நெருங்குகின்றன; ஜி.எஸ்.எம். ஏறுகிறது, துணி கனத்து விறைப்பாகத் தோன்றுகிறது. காற்றோட்டமும் குறையும். துவைத்த சட்டையிலிருந்து ஒரு வட்டம் வெட்டி எடை பாருங்கள். 180 என்று வாங்கிய துணி 200-ஐ நெருங்கியிருந்தால், நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் காம்பேக்டிங்.

ஆய்வுக்கூடம்

சாயத்தொட்டி ஐயா எழுதியதோடு நான் உடன்படுகிறேன். சோதனைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பில்லிங், வெடிப்பு வலிமை (எவ்வளவு அழுத்தத்தில் துணி கிழியும் என்பது) ஆகிய சோதனைகளுக்குப் பெரும்பாலும் புதுத் துணியைத்தான் அனுப்புகிறார்கள். பதனிட்ட துணியில் இது ஏமாற்றும். புதுத் துணியின் மீது ஏற்றிய மென்பூச்சும் சேர்த்தே அங்கே அளக்கப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 6330 முறைப்படி துவைத்து, ஒரு சலவைக்குப் பின், ஐந்து சலவைக்குப் பின், இருபது சலவைக்குப் பின் என்று மூன்று கட்டங்களில் மாதிரி எடுத்து, அவற்றில் ஐ.எஸ்.ஓ. 12945-2 பில்லிங் சோதனையையும் ஐ.எஸ்.ஓ. 13938-2 வெடிப்பு வலிமைச் சோதனையையும் செய்தால்தான் சரிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது தெரியும். பயோ வாஷுக்கு முன்னும் பின்னும் வெடிப்பு வலிமையை அளந்து வைத்துக்கொள்வதும் நல்லது. நொதி எல்லை மீறியதா என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கிவரும் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற நிறுவனங்களில் இத்தகைய சோதனைகளுக்கு வசதி உண்டு.

உறிஞ்சும் தன்மையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏ.ஏ.டி.சி.சி. என்ற அமெரிக்க ஜவுளி வேதியியலாளர் சங்கத்தின் 79-ஆம் முறையின் சாரம் மிக எளிது: துணியை வளையத்தில் சுருக்கமின்றிப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு துளி தண்ணீரை விட்டு, அதன் பளபளப்பு மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுகிறோம். நன்கு உறிஞ்சும் பருத்தியில் துளி விழுந்த சில நொடிகளிலேயே மறையும். ஒரு நிமிடம் ஆகியும் துளி முத்தாக நின்றால், அந்தத் துணியை ஏப்ரல் மாத வெயிலில் உடுத்தப்போகும் மனிதரை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு ஐயம் நெடுநாளாக உண்டு. எங்கள் சோதனையில் மென்னீரும் அளவிட்ட சோப்பும் பயன்படுகின்றன. இயந்திரம் ஒரே சீராகச் சுழல்கிறது. நம் ஊரில் பல வீடுகளில் கட்டி சோப்பைத் தேய்த்து, கழுத்துப் பட்டையைப் பிரஷ்ஷால் உரசி, கல்லில் அடித்துத்தான் துவைக்கிறார்கள். இருபது சலவை தாங்கும் என்ற சான்றிதழ் அந்தக் கல்லுக்கு எப்படிப் பொருந்தும்? ஏற்றுமதிக்கு அது போதும். உள்ளூர் விற்பனைக்கு நீங்களே ஒரு துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உங்கள் வீட்டு முறைப்படி துவைத்து, மறு பாதியைத் துவைக்காமல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

சலவைக்கூடம்

நான் சென்னையில் சலவை நிலையம் நடத்துகிறேன். துணி தயாரிப்பவன் அல்ல. ஆனால் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது என்று தோன்றுகிறது. 2011-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் மூடப்பட்டு, கழிவுநீரே வெளியேற்றாத முறைக்கு மாறித் திறந்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், சுத்திகரித்து மீட்ட மென்னீரைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அங்கே மென்னீரில் பிறந்த சட்டை, இங்கே ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் வாழ வேண்டியிருக்கிறது.

கடின நீரில் உள்ள கால்சியம், கட்டி சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத பிசுக்காகித் துணியில் தங்குகிறது. சோப்புத்தூள் என்றாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. நம் நாட்டு மலிவு விலைத் தூள்களில் சலவைச் சோடா மிகுதி, அது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் படிவாக இழைகளுக்கிடையே இறங்குகிறது. வாடிக்கையாளர்கள் சொரசொரப்பு என்று சொல்வதில் ஒரு பகுதி இந்தப் படிவுதான். அது இழையை உள்ளிருந்து உராய்வதால் தேய்மானமும் விரைகிறது; வெள்ளை பழுப்பேறுவதும் இதனால்தான். கடைசி அலசலில் சிறிதளவு சிட்ரிக் அமிலம் அல்லது வினிகர் கலந்து அலசினால் படிவு பெருமளவு கரையும். ஆனால் பிளீச்சிங் திரவம் பயன்படுத்திய அதே வாளியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. குளோரின் வாயு வெளிப்படும்.

சொரசொரப்பைப் போக்கக் கண்டிஷனர் ஊற்றுபவர்கள் மிகுதி. அதுவும் நேர்மின் தன்மை கொண்ட கொழுப்புப் பொருள்தான். தொழிற்சாலையில் ஏற்றியது போனதும் வீட்டில் புதிதாக ஒரு படலம் ஏற்றுகிறார்கள், உறிஞ்சும் தன்மை மறுபடியும் குறைகிறது. துண்டுகளுக்கு அது அறவே வேண்டாம் என்று எங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடியில் காய்ந்த பருத்தி விறைப்பதற்குச் சோப்பு மட்டும் காரணமில்லை. இழைகளில் தங்கும் சிறிதளவு நீரே அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது என்று ஜப்பானில் 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே காய்ந்தபின் இரண்டு முறை நன்றாக உதறி மடித்தாலே அந்த விறைப்பில் ஒரு பகுதி போய்விடும். அதற்குக் காசு செலவில்லை.

நொய்யல்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. கார்டட் யோசனையைக் கைவிடுகிறேன். அடுத்த லாட்டில் நீர்விரும்பிச் சிலிக்கானைக் கேட்டுப் பார்க்கிறேன். தொடர்பான ஒரு கேள்வி. உடற்பயிற்சிக்கு உடுத்தும் பாலியஸ்டர் டி-சட்டை ஒன்றையும் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வியர்வையைக் கடத்தும் பதனீடும், நாற்றம் வராமலிருக்கக் கிருமித் தடுப்புப் பதனீடும் சேர்த்துச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். இவை சலவைக்கு எந்த அளவுக்கு நிற்கும்?

சாயத்தொட்டி

இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. வியர்வை கடத்தும் பதனீட்டில் பயன்படும் பொருளின் மூலக்கூற்றில் ஒரு பகுதி பாலியஸ்டர், மறு பகுதி நீரை விரும்புவது. 130 டிகிரியில் சாயக் குளியலோடு சேர்த்து ஓட்டும்போது, அதன் பாலியஸ்டர்ப் பகுதி இழையின் மேற்பரப்புக்குள் புகுந்து தங்கிக்கொள்கிறது. சாயம் முடிந்தபின் மேலே தடவிக் காயவைப்பதைவிட இது நன்றாக நிலைக்கும். எந்தக் கட்டத்தில் சேர்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தகைய சட்டைக்குக் கண்டிஷனர் பகை. பதனீடு இழையில் இருந்தபடியே இருந்தாலும், மேலே கொழுப்புப் படலம் மூடிவிட்டால் வியர்வை பரவாது. பராமரிப்பு லேபிளில் இதை அச்சிடுவது உங்கள் நலனுக்கும் நல்லது.

கிருமித் தடுப்பு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெள்ளி நுண்துகள் ஏற்றிய காலுறைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தண்ணீரில் அலசிப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சில காலுறைகள் நான்கே அலசலில் ஏறத்தாழ முழு வெள்ளியையும் இழந்திருந்தன. வேறு சிலவற்றிலோ வெள்ளி அப்படியே நின்றது. எப்படிப் பிணைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அனைத்தும் அமைகிறது என்பதற்கு இது நல்ல சான்று. போதாக்குறைக்கு, பாலியஸ்டர் உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும்; அந்தப் பசையில்தான் நாற்றம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. பசையை நீக்கும்படி துவைக்காத சட்டையில் எந்தப் பதனீடும் நெடுநாள் உதவாது.

கரூர்த்தறி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலைகள் செய்கிறார்கள்; சலவை தாங்குவது என்ற கேள்விக்கு அங்கே மிகத் தெளிவான அளவுகோல் உண்டு என்பதால் எழுதுகிறேன். நீடித்த பயனுள்ள வலை என்று ஏற்க, ஆய்வகத்தில் 20 சலவைக்குப் பிறகும், களத்தில் 3 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் அது கொசுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. பாலியஸ்டர் வலையில் மருந்தைப் பிசினோடு மேலே பூசுகிறார்கள். பாலிஎத்திலீன் வலையில் இழையை உருக்கி இழுக்கும்போதே மருந்தை உள்ளே கலந்துவிடுகிறார்கள். சலவையில் மேற்பரப்பு மருந்து போனாலும், உள்ளிருப்பது சில நாள்களில் மெல்ல மேலே வந்து சேர்கிறது.

கிருமித் தடுப்புச் சட்டை விற்க வருபவரிடமும் இதே பாணியில் கேட்கலாம், நண்பரே. பொருள் இழைக்கு உள்ளே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? ஐ.எஸ்.ஓ. 20743 போன்ற முறையில் எத்தனை சலவைக்குப் பின் சோதித்தார்கள்? அந்தச் சலவை எத்தனை டிகிரி சூட்டில், எந்தச் சோப்பில் நடந்தது? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தராதவரிடம், துவைக்காத துணியின் சோதனை அறிக்கை மட்டுமே கையில் இருக்கும்.